சலிப்பும் ஒப்புதலும்

உளவியல் சோதனைகளின் அறநெறி பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வலி, ஏமாற்று, அந்தரங்கம் ஆகிய மூன்றைப் பற்றியே பேசுகின்றனர். பங்கேற்பாளர் அடையும் சலிப்பு இவ்வரிசையில் சேர்க்கப்படுவதில்லை. சேர்க்கப்பட்டாலும், ஒப்புதல் படிவத்தின் கடைப்பகுதியில் ‘சிறிது சோர்வு ஏற்படலாம்’ என்னும் ஒரு வரியோடு அது முடிந்துவிடுகிறது. அதற்கு அடுத்த வரி, ‘விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்’ என்பது. இவ்விரு வரிகளும் சேர்ந்து சிக்கலைத் தீர்த்துவிட்டதாக ஆய்வுலகம் கருதுகிறது. அவை தீர்க்கவில்லை என்பதும், சலிப்பைப் பொறுத்தவரை விலகும் உரிமை பெயரளவில் நிற்பதே என்பதும், ஆகவே நிறுத்தும் பொறுப்பு ஆய்வாளரிடமே இருக்கவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

மொழியியலார்க்கு இது அயல்துறைச் செய்தியன்று. திரையில் தோன்றும் எழுத்துக்கோவை சொல்லா, சொல்லன்றா என்று பார்த்து விசையை அழுத்தச் சொல்லும் சோதனை, வாக்கியங்களின் ஏற்புடைமையை ஒன்று முதல் ஏழு வரை மதிப்பிடச் சொல்லும் சோதனை, வினைத்திரிபுகளை இடம், எண், பால், காலம் என ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும் களப்பணி வினாநிரல் ஆகிய யாவும் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பன. மொழிபெயர்ப்பாளர்க்கும் இது அயலன்று. மேற்சொன்ன இரு வரிகளையும் தமிழாக்குவோர் அவர்களே.

‘ஏன்?’ என்பதும் ‘எங்கே?’ என்பதும்

விலகும் உரிமையை மக்கள் எவ்வளவு பயன்படுத்துவர் என்பதற்கு மிகத் தெளிவான சான்று, அறநெறி ஆய்விலிருந்து வரவில்லை. அறிதுயில் ஆய்விலிருந்து வந்தது. மார்ட்டின் ஓர்ன் 1962இல் வெளியிட்ட கட்டுரையில் தாம் செய்துபார்த்த சிறு முயற்சிகளை விவரிக்கிறார். அறிதுயிலில் இருப்பவரின் இணக்கத்தை அளப்பதற்கு, சாதாரண நிலையில் இருப்பவர் மறுத்துவிடக்கூடிய ஒரு வேலை அவருக்குத் தேவைப்பட்டது. ஆபத்தானதாக இல்லாமல், பொருளற்றதாகவும் சலிப்பூட்டுவதாகவும் அவ்வேலை இருக்கவேண்டும் என்று எண்ணினார். எண்கள் நிறைந்த ஏறத்தாழ 2,000 தாள்களைப் பங்கேற்பாளரிடம் கொடுத்து, அடுத்தடுத்த எண்களைக் கூட்டிக்கொண்டே வரச் சொன்னார். ஒரு தாளை முடிக்க 224 கூட்டல்கள் செய்யவேண்டும். கைக்கடிகாரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, ‘வேலையைத் தொடருங்கள், பிறகு வருவேன்’ என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் போய்விட்டார். ஐந்தரை மணி நேரம் கழித்துப் பொறுமையிழந்தவர் ஆய்வாளரே; பங்கேற்பாளர் அல்லர்.

இதனினும் பொருளற்ற வேலை வேண்டும் என்று, ஒவ்வொரு தாளையும் முடித்தபின் ஓர் அட்டையை எடுத்து அதில் உள்ளபடி செய்யுமாறு சொல்லப்பட்டது. எல்லா அட்டைகளிலும் ஒரே கட்டளைதான்: முடித்த தாளை 32 துண்டுகளுக்குக் குறையாமல் கிழித்தெறிந்துவிட்டு அடுத்த தாளைத் தொடங்குக. இரண்டு மூன்று அட்டைகளில் ஆட்டம் புரிந்துவிடும், எழுந்து போய்விடுவர் என்பது எதிர்பார்ப்பு. அவர்களோ பல மணி நேரம் கிழித்துக்கொண்டிருந்தனர். வெளிப்படையான சினமும் காட்டவில்லை. பின்னர்க் கேட்டபோது, இது பொறுமையை அளக்கும் சோதனை போன்ற ஏதோ ஒன்று என்று தாமே ஒரு பொருளைக் கற்பித்துக்கொண்டிருந்தனர் என்று தெரிந்தது.

அதே கட்டுரையில் மொழியியலார் கூர்ந்து நோக்கத்தக்க மற்றொரு குறிப்பும் உண்டு. அறிமுகமானவர்களிடம் ‘எனக்கு ஓர் உதவி செய்வீர்களா?’ என்று கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்டதும், ஐந்து தண்டால் எடுக்கச் சொன்னால், வியப்போடு ‘ஏன்?’ என்று கேட்டனர். ‘ஒரு சோதனையில் பங்கேற்பீர்களா?’ என்று கேட்டு, பின்னர் அதே ஐந்து தண்டாலைச் சொன்னால், ‘எங்கே?’ என்று கேட்டனர். வினாச்சொல் மாறியதில் முழு உறவும் மாறிவிட்டது. சோதனை என்னும் சொல் உச்சரிக்கப்பட்ட அளவிலேயே காரணம் கேட்கும் உரிமையைப் பங்கேற்பாளர் தாமாகவே ஒப்படைத்துவிடுகிறார். காரணம் கேளாதவர் விலகுவது எங்ஙனம்?

ஓர்னின் கட்டுரை பெரும்புகழ் பெற்றது. ஆனால் பாடநூல்கள் அதைப் பயன்படுத்திய முறை வேறு. பங்கேற்பாளர் ஆய்வாளரின் எதிர்பார்ப்பை ஊகித்து நடப்பதால் தரவு பழுதாகும் என்னும் முறையியல் எச்சரிக்கையாகவே அது வாசிக்கப்பட்டுவருகிறது. கடிகாரமின்றி ஐந்தரை மணி நேரம் எண்களைக் கூட்டிக்கொண்டிருந்த மனிதர்க்கு நாம் கடன்பட்டது என்ன என்னும் வினா அவ்வாசிப்பில் எழவே இல்லை.

நூலுருளைகளும் முளைகளும்

சலிப்பைத் தற்செயலான பக்கவிளைவாகக் கொள்ளாமல் கருவியாகவே உருவாக்கிப் பயன்படுத்திய சோதனை லியோன் ஃபெஸ்டிங்கரும் ஜேம்ஸ் கார்ல்ஸ்மித்தும் 1959இல் வெளியிட்டது. அறிதல் முரண் கோட்பாட்டின் தூண்களில் ஒன்று அது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் தொடக்கப் பாடம் படித்த 71 மாணவர்கள் அதில் பங்கேற்றனர். அப்பாடத்தை எடுத்தோர் குறிப்பிட்ட மணி நேரம் சோதனைகளில் அமரவேண்டும் என்பது விதி. அரை மணி நேரம், 12 நூலுருளைகளை ஒரு தட்டில் அடுக்கி, கொட்டி, மீண்டும் அடுக்கவேண்டும். அடுத்த அரை மணி நேரம், பலகையில் உள்ள 48 சதுர முளைகளை ஒவ்வொன்றாகக் கால் சுற்றுத் திருப்பவேண்டும். எல்லாம் முடிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. அதன்பின், வெளியே காத்திருக்கும் பெண்ணிடம் ‘மிகச் சுவையாக இருந்தது’ என்று பொய் சொல்வதற்குச் சிலர்க்கு ஒரு டாலரும் சிலர்க்கு இருபது டாலரும் தரப்பட்டன.

ஒரு டாலர் பெற்றவர்கள் வேலை நன்றாக இருந்தது என்றே பின்னர் மதிப்பிட்டனர் என்னும் முடிவு யாவரும் அறிந்தது. நாம் பார்க்கவேண்டியது வேறோர் எண். பொய்யும் சொல்லாமல் பணமும் பெறாமல் அந்த ஒரு மணி நேர வேலையை மட்டும் செய்த 20 பேரிடம், வேலை சுவையாக இருந்ததா என்று கேட்கப்பட்டது. மதிப்பீடு கழித்தல் ஐந்திலிருந்து கூட்டல் ஐந்து வரை. அவர்களது சராசரி கழித்தல் 0.45. திட்டமிட்டுச் சலிப்பூட்டுவதற்கென்றே வடிவமைத்த ஒரு மணி நேரத்திற்குக் கிடைத்த கண்டனம் அவ்வளவே. வேலை உண்மையில் சலிப்பூட்டவில்லை என்று இதற்குப் பொருள் கூறலாம். கேட்பவரும் அதே துறையைச் சார்ந்தவர் என்பதால் மாணவர்கள் நாகரிகம் காத்தனர் என்றும் பொருள் கூறலாம். ஓர்னின் தாள்களைப் பார்த்தபின் இரண்டாவது விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எவ்வாறாயினும், சலிப்பைப் பற்றிச் சலிப்படைந்தவரையே நேரில் கேட்டறியும் முறை நம்பத்தக்கதன்று.

சோதனை முடிந்து உண்மை விளக்கப்பட்டபின், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டனர். எல்லோரும் தயங்காது கொடுத்துவிட்டனர் என்று ஆசிரியர்கள் எழுதுகின்றனர். பங்கேற்பாளரின் நல்லியல்பைக் காட்டுவதாக அவ்வரி எழுதப்பட்டிருக்கலாம். என் நோக்கில் அது ஓர்ன் சுட்டிய அதே இணக்கத்தின் மற்றொரு சான்று.

அன்றாட வாழ்க்கை என்னும் அளவுகோல்

1979இல் வெளிவந்த பெல்மான்ட் அறிக்கைக்குப் பின் உருவான அமெரிக்க விதிகளும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளும் ‘குறைந்த இடர்’ என்னும் கருத்தை ஏறத்தாழ ஒரே வகையில் வரையறுக்கின்றன. ஆய்வினால் எதிர்பார்க்கப்படும் தீங்கும் அசௌகரியமும் ஒருவர் அன்றாட வாழ்வில் வழக்கமாக எதிர்கொள்வதைவிட மிகாதிருப்பின் அது குறைந்த இடர். சலிப்பு எல்லோர்க்கும் அன்றாடம் நேர்வது. எனவே அது இடரே ஆகாது, அறநெறிக் குழுவின் கூர்ந்த பார்வைக்குத் தப்பிவிடுகிறது.

இவ்வளவுகோலில் பிழை உண்டு. அன்றாடச் சலிப்புக்கும் ஆய்வறைச் சலிப்புக்கும் அளவில் வேறுபாடு இல்லாமல் இருக்கலாம். அமைப்பில் வேறுபாடு உண்டு. மாவு சலிப்பவர்க்கு எவ்வளவு மாவு மீதமிருக்கிறது என்பது கண்முன் தெரியும். அது எதற்கு என்பதும் தெரியும். இடையே பேசலாம், பாடலாம், கை மாற்றிக்கொள்ளலாம். விசையை அழுத்திக்கொண்டிருக்கும் பங்கேற்பாளர்க்கு எண்ணிக்கையும் தெரியாது, நோக்கமும் தெரியாது. இவை மறைக்கப்படுவது பல வேளைகளில் சோதனை வடிவமைப்பின் தேவையாகவே இருக்கிறது. (சலித்தல் என்னும் ஒரே வடிவம் இரு பொருளிலும் வருவது பற்றிய சொற்பிறப்பு வாதத்திற்கு இங்கு இடமில்லை. பேச்சுத் தமிழின் போரடித்தல், ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்து நம் பழைய நெற்போரடித்தலோடு ஒலியில் ஒன்றிப்போனதும் தற்செயலே. சலிப்புக்கு நாம் ஆளும் இரு சொற்களும் ஓயாத கைவேலையின் பெயர்களோடு ஒத்திருப்பதைப் பார்த்துப் புன்னகைக்கத் தடையில்லை.)

சலிப்பு அற்பமானது என்னும் கருத்தும் ஆய்வுக்குரியதே. திமொதி வில்சனும் பிறரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 15 நிமிடம் தனியறையில் எண்ணங்களோடு மட்டும் அமர்ந்திருக்கச் செய்யப்பட்டவர்களுக்கு, விரும்பினால் மின்னதிர்ச்சியைத் தமக்குத்தாமே கொடுத்துக்கொள்ளும் வசதி இருந்தது. 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அதை அழுத்தினர். அவ்வதிர்ச்சியைத் தவிர்க்கப் பணம்கூடத் தருவோம் என்று முன்னர்ச் சொன்னவர்கள் அவர்கள். ஆவலும் ஓரளவு காரணமாயிருக்கலாம். இருப்பினும், அறநெறிக் குழுக்களின் தராசில் மின்னதிர்ச்சி எங்கே நிற்கிறது, சலிப்பு எங்கே நிற்கிறது என்பதை எண்ணினால் இவ்விளைவு நம்மை உறுத்தவே செய்யும்.

கானடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹெப்பின் குழு 1950களின் தொடக்கத்தில் நடத்திய புலனுணர்வுக் குறைப்புச் சோதனைகளில், மாணவர்கள் நாளொன்றுக்கு 20 டாலர் பெற்றுக்கொண்டு ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தனர். இரண்டு மூன்று நாட்களுக்குமேல் தாக்குப்பிடித்தவர் சிலரே. மற்றோர் பணத்தை விட்டுவிட்டு வெளியேறினர். ஓர்னின் பங்கேற்பாளர்களோ வெளியேறவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலனாகிறது. வெறுமையிலிருந்து மனிதர் எழுந்து போய்விடுகின்றனர். ‘வேலை’ என்று பெயரிட்டு ஒருவர் ஒப்படைத்ததிலிருந்து எழுந்து போவதில்லை. நம் வினாநிரல்கள் இரண்டாம் வகையைச் சார்ந்தவை.

சலிப்பு, அலுப்பு, சோர்வு

ஒப்புதல் படிவத்தின் தமிழுக்கு வருவோம். ஆங்கிலப் படிவத்தில் களைப்பும் சலிப்பும் தனித்தனிச் சொற்களாக இருந்தாலும் தமிழில் இரண்டும் ‘சோர்வு’ என்னும் ஒன்றில் அடங்கிவிடுவதைக் காண்கிறோம். இது கவனக்குறைவாக மட்டும் நேர்வதன்று. தமிழில் இச்சொற்களின் தொடரியல் நடத்தை வேறுபடுவதை மொழிபெயர்ப்பாளரின் செவி உணர்ந்திருக்கிறது என்றே கருதுகிறேன்.

‘எனக்குச் சோர்வாக இருக்கிறது’, ‘எனக்கு அலுப்பாக இருக்கிறது’ ஆகியவற்றில் உணர்வடைபவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். உணர்வு அவர்மீது வந்து படிகிறது. யாரும் குற்றவாளி அல்லர். ‘எனக்குச் சலிப்பாக இருக்கிறது’ என்பதும் அவ்வமைப்பே. ஆனால் சலிப்புக்கு அருகிலேயே ‘சலித்துக்கொள்’ என்னும் வினை நிற்கிறது. ‘அவர் சலித்துக்கொண்டார்’ என்றால் அவர் முதல் வேற்றுமையில் எழுவாயாகிறார். அகத்தில் உணர்ந்ததோடு நில்லாமல் புறத்தே முறையிட்டார் என்றும் பொருள். ‘சலித்துக்கொள்ளாமல் செய்தார்’ என்பது ஒருவரைப் பற்றிய பாராட்டு. ஆகவே ‘உங்களுக்குச் சலிப்பாக இருக்கிறதா?’ என்று வீட்டுத் திண்ணையில் எதிரே அமர்ந்திருக்கும் ஆய்வாளர் கேட்கும்போது, வந்த விருந்தினர்மீது குறை சொல்கிறீர்களா என்று கேட்டதாகிவிடுகிறது. ‘அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, நீங்க கேளுங்க’ என்பதே அதற்குரிய விடை. அவ்விடையைச் சலிப்பின்மைக்குச் சான்றாகக் குறித்துக்கொள்ளும் களக்குறிப்பு, உரையாடலின் நயத்தகு நெறியைத் தரவாக மயங்குகிறது.

களப்பணி செய்தோர் நன்கறிந்த மற்றொரு விடை, ‘அப்படியும் சொல்லலாம்’ என்பது. முதல் அரை மணி நேரத்தில் இது உண்மையான இலக்கணத் தீர்ப்பு. இரண்டாம் மணி நேரத்தில், குரல் தாழ்ந்து, ‘சொல்லலாம், சொல்லலாம்’ என்று இரட்டிக்கும்போது அது எழுந்து போவதற்கான விண்ணப்பம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டியவரும் அடுப்பில் உலை வைத்தவரும் விலகும் உரிமையைத் தமிழில் இவ்வாறுதான் கோருகின்றனர். படிவத்தில் உள்ள சொற்களில் அன்று.

படிவத்தின் வாசகத்தை மாற்றலாம். ‘இதில் மொத்தம் 240 வாக்கியங்கள் உள்ளன. எல்லாம் ஒரே மாதிரியான வேலைதான். 60 வாக்கியங்களுக்கு ஒருமுறை நாங்களே நிறுத்துவோம். அத்துடன் முடித்துக்கொண்டாலும் பேசிய தொகை முழுவதும் உண்டு’ என்று எழுதலாம். இதில் சலிப்பு என்னும் சொல்லே இல்லை. எண்ணிக்கை இருக்கிறது, நிறுத்துவது ஆய்வாளரின் கடமையாகிறது, தொடர்வதற்குத்தான் பங்கேற்பாளர் வாய்திறந்து இசையவேண்டும். எண்ணிக்கையைச் சொல்வதால் சோதனை கெடும் என்பார் உளர். சலிப்பே ஆய்வுப் பொருளாகும் இடங்களில் அது உண்மையாகலாம். நார்மன் மாக்வொர்த் 1948இல் வெளியிட்ட கடிகாரச் சோதனை, ராடார் திரையை மணிக்கணக்கில் பார்ப்பவரின் விழிப்பு எவ்வாறு குறைகிறது என்றறிய இரண்டு மணி நேர ஒருமைத்தன்மையை வேண்டியே நின்றது. எழுவாய்–பயனிலை இயைபை ஆராய்வதற்கு அத்தகைய தேவை இல்லை.

தரவும் அறமும்

சலிப்படைந்தவர் தரும் தரவு நம்பத்தக்கதன்று, எனவே நம் நலம் கருதியேனும் சலிப்பைக் குறைப்போம் என்னும் வாதம் மொழியியலாரிடையே எளிதில் எடுபடும். அதற்குச் சான்றும் உண்டு. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் பொருள் நழுவிப்போவதை உளவியலார் நூறாண்டுக்கு மேலாக அறிவர். வில்லியம் ஸ்னைடர் 2000இல் காட்டியபடி, ஏற்கத்தகாத வாக்கியங்களுள் சில வகை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கக் கேட்க ஏற்புடையனவாகத் தோன்றத் தொடங்குகின்றன. இவையெல்லாம் உண்மை. எனினும் இவ்வாதத்தின்மீது அறத்தை நிறுத்துவதை நான் ஏற்கவில்லை. தரவு கெடாவிட்டால் என் செய்வது?

2012இல் வெளியான பிரித்தானியச் சொற்களஞ்சியத் திட்டத்தில் 78 பேர் பங்கேற்றனர். ஒவ்வொருவரும் 14,365 சொற்களுக்கும் அதே அளவு போலிச்சொற்களுக்கும், ஆக 28,730 முறை, விசையை அழுத்தினர். ஏறத்தாழ 16 மணி நேர வேலை. தரவு நன்றாகவே இருந்தது, உலகெங்கும் பயன்பட்டுவருகிறது. இதற்கு முன் 2007இல் வெளியான ஆங்கிலச் சொற்களஞ்சியத் திட்டம், சொல்–சொல்லன்று எனத் தீர்மானிக்கும் இதே வகைப் பணியை 816 பேருக்குப் பகிர்ந்தளித்தது. ஒருவர் பங்கு ஏறத்தாழ 3,400. அதன் தரவும் நன்றே. சிலரைக்கொண்டு எல்லாச் சொற்களையும் ஒப்பிடும் வசதிக்காகப் பின்னவர்கள் முதல் வழியைத் தேர்ந்தனர். அக்காரணத்தில் நியாயம் உண்டு. ஆனால் இரண்டும் இயலும் என்பதால், ஒருவர்மீது எவ்வளவு ஏற்றுவது என்பது தேர்வு என்றாகிறது. தேர்வு என்றானபின், நல்ல தரவு கிடைத்தது என்பதே அதற்குரிய முழு விடையாகாது.

இணையவழிப் பணித்தளங்கள் வந்தபின் இப்பாரம் இடம் மாறிவிட்டது. 2009இல் டேனியல் ஒப்பன்ஹைமரும் பிறரும், வினாக்களை வாசியாமல் விடையளிப்போரைக் கண்டறிய அறிவுறுத்தல்களுக்குள் ஒரு பொறியை மறைத்துவைக்கும் முறையை விளக்கினர். அத்தகைய பொறிகள் இன்று எங்கும் உள்ளன. மெக்கானிக்கல் டர்க் போன்ற தளத்தில் வேலை கொடுத்தவர், செய்த வேலையை நிராகரித்துக் கூலியை மறுக்க இயலும். நூறு வாக்கியங்களுக்குப்பின் கவனம் தவறுவது இங்கே பணியாளரின் குற்றம். நூறு வாக்கியங்களை இடைவிடாது அடுக்கியவரின் வடிவமைப்பு எவ்விதச் சோதனைக்கும் உட்படுவதில்லை. நமக்கு இது தொலைவிலுள்ள செய்தியுமன்று. தமிழ் உள்ளிட்ட ஆறு இந்திய மொழிகளின் விக்கிப்பீடியாப் பக்கங்களை இத்தளத்தின் பணியாளர்களைக்கொண்டு ஆங்கிலமாக்கி, ஒரு வாக்கியத்துக்கு நான்கு மொழிபெயர்ப்பு வீதம் திரட்டிய இணைமொழித் தரவகம் 2012இல் வெளிவந்தது. அதில் ஒரு வாக்கியம் தட்டையாக, சொல்லுக்குச் சொல்லாக நிற்குமானால், அதை எழுதியவர்க்கு மொழி போதவில்லையா, அது அவரது எண்பதாவது வாக்கியமா என்று தரவைப் பயன்படுத்துவோர்க்குத் தெரிய வழியில்லை. மொழிபெயர்ப்புத் தரத்தை மதிப்பிடும் நாம் முதற் காரணத்தையே எப்போதும் ஊகிக்கிறோம்.

ஒலிப்பதிவுகளைப் பெயர்த்தெழுதும்போதும் இத்தகைய மறைப்பு நிகழ்கிறது. நேர்காணலின் நடுவே வரும் கொட்டாவி, நாற்காலி நகரும் ஒலி, வீட்டாரை நோக்கிய பேச்சு ஆகியவை இலக்கணத் தரவு அல்ல என்று விடப்படுகின்றன. ‘இன்னும் எத்தனை இருக்குங்க?’ என்று தகவலாளி கேட்பதும் அவ்வாறே விடப்படுகிறது. பெயர்த்தெழுதுவோர்க்குத் தரும் கையேட்டில் இதற்கென ஒரு குறியீடு சேர்ப்பது கடினமன்று. தகவலாளி எத்தனையாவது நிமிடத்தில், எத்தனையாவது வாக்கியத்திற்குப்பின் அவ்வாறு கேட்டார், அதற்கு ஆய்வாளர் என்ன விடை சொன்னார் என்பது பதிவில் நின்றால், அதற்குப் பின்வரும் ‘சொல்லலாம்’களை எவ்வாறு எடுத்துக்கொள்வது என்று படிப்போர் தாமே முடிவு செய்துகொள்வர்.